லிலியன்ஸ்டைன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்

எங்கள் குடும்பத்துப் பிள்ளையார் ஜெர்மனியில் இருந்தார். அவரை நான் முதலில் கண்டது மொன்றியலில், செயின்ட்-மிஷேல் வீட்டுச் சமையலறையில், பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தபாலட்டையில். பார்ப்பவர்களுக்கு அது வெறும் மலைதான். அடியில் காடு, காட்டுக்கு மேலே செங்குத்தான பாறைச் சுவர், உச்சி மேசை போலத் தட்டை. லிலியன்ஸ்டைன் என்று கீழே அச்சடித்திருந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, பின்பக்கத்தில் பேனையால் வேறு செய்தி எழுதியிருந்தார்: 'எங்கள் ஊரில் நின்று பார்த்தால் பிள்ளையார் படுத்திருக்கிறார். தும்பிக்கை இடப்பக்கம். கோயில் இல்லாத இடத்தில் இவர்தான் எனக்குக் கோயில்.'

யாழ்ப்பாணத்தில் வீடு கலைந்தபோது அம்மா கனடாவுக்கு வந்து சேர்ந்தார், மாமா ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அகதி வழக்கு முடியும்வரை ஒரு சிறு ஊரின் விடுதியில் அவரை இருத்தியிருந்தார்கள். வழக்கு ஒன்பது வருடம் இழுத்தது. ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார், எடுத்தால் மலைக் கதைதான். பாறைக்கும் பாறைக்கும் நடுவே கட்டிய கல்பாலம், ஆற்றில் சக்கரம் சுற்றிப் போகும் பழைய கப்பல், பாறை இடுக்கில் ஏறும் இரும்பு ஏணி என்று அவர் சொல்லச் சொல்ல, மாமா ஏதோ அந்த மலைக்கு ராசா என்றே நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியையிடம், என் மாமா மலையில் வாழ்கிறார் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

அம்மா அதைவிட ஒரு படி மேலே போனார். ஒருநாள் தொலைபேசியை வைத்த கையோடு பிரிட்ஜ் முன்னால் நின்று, தபாலட்டையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்த்தி வைத்தார். அண்ணை கையில் ஒரு கடவுச்சீட்டு கிடைக்கட்டும், நானே வந்து உன் காலடியில் தேங்காய் உடைக்கிறேன் என்பது நேர்த்தி. அப்பா மொன்றியல் துறைமுகத்தில் பெட்டி இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி ஜெர்மனியிலை, தேங்காய் மொன்றியலிலை, நடுவிலை அத்திலாந்திக். நல்ல நேர்த்தி," என்றார்.

பிள்ளையார் அவசரப்படவில்லை. வழக்கு வென்று, மாமா மேற்குப் பக்கத்து நகரம் ஒன்றுக்கு மாறி உணவகச் சமையல்காரராகி, மேலும் சில வருடங்கள் கழித்துத்தான் கடவுச்சீட்டு கிடைத்தது. அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயது. அம்மா பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தமிழ்க் கடைக்குப் போய், பதினொரு தேங்காய்களைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, பன்னிரண்டாவதை வாங்கினார். ஜெர்மனியில் தேங்காய் இல்லையா என்று அப்பா கேட்டதற்கு, "பிள்ளையாரைப் பேய்க்காட்டச் சொல்லுறியளோ?" என்று, சாமியை ஏமாற்றச் சொன்னது போல ஒரு முறைப்பு.

அந்தத் தேங்காய்க்கு நான்தான் காவல். காலையில் எழுந்ததும் எடுத்துக் குலுக்கி, உள்ளே தண்ணீர் களக் களக் என்று கேட்கிறதா என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஏன் இத்தனை கவனம் என்று கேட்டபோது அம்மா சொன்னார்: "அழுகல் தேங்காய் உடைச்சா நேர்த்தி பிழைச்சுப் போம். பிழைச்சா, தந்தவர் தந்ததைத் திரும்ப எடுத்துப்போடுவார்." அம்மா அதை வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார். நான் அதை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டேன். தேங்காய் அழுகினால் மாமாவின் கடவுச்சீட்டு போய்விடும்.

விமானத்தில் என் குளிர்ச்சட்டைக்குள் சுற்றிவைத்த தேங்காய் பெட்டிக்குள் பத்திரமாக வந்தது. விமான நிலையத்தில் மாமா அம்மாவைக் கண்டதும் ஓடிவந்தார். பதின்மூன்று வருடம் காணாத இருவரும் கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று நான் தயாராக நின்றேன். மாமா சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, அதைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அம்மாவுக்கு விக்கல் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி ஒருத்தி தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

மாமா வீட்டில் இருந்த நாட்களில்தான் எனக்கு நித்திரை கெட்டது. தேங்காயில் களக் களக் குறைந்துகொண்டு வந்தது. மலைக்குப் போகும் நாள் காலையில் குலுக்கினேன், சத்தமே இல்லை. கல்லைக் குலுக்கியது போல இருந்தது. அம்மா கேட்டபோது, "தண்ணி இருக்கம்மா," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

மாமா விடியற்காலையே எழுந்து மோதகமும் வடையும் புளிச்சாதமும் செய்து, குளிர்ப்பெட்டி நிறைய அடைத்திருந்தார். ஆனால் தேங்காய் உடையும்வரை யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆறு மணித்தியாலக் கார்ப் பயணம் முழுக்க வடை மணத்தது. அப்பா கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே வைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் அந்தக் கல்பாலத்தைக் காட்டினார் மாமா. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! மொன்றியலில் நாங்கள் மலை என்று கூப்பிடுவது நடுநகரில் இருக்கும் ஒரு மேட்டைத்தான். இங்கே பாறைகள் விரல் விரலாக வானத்துக்கு எழும்பி நின்றன. விரல்களுக்கு நடுவே பாலம், பாலத்துக்குக் கீழே மரங்களின் தலைகள், அதற்கும் வெகு கீழே எல்பே ஆறு. மாமா சொன்ன சக்கரக் கப்பல் உண்மையாகவே புகைவிட்டுக்கொண்டு போனது. நான் துள்ளிய துள்ளலில் அப்பா என் சட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டார். சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக நின்ற அம்மா, "அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் மெய்தான்!" என்று கூவினார். மாமாவும் எங்களைப் போலவே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த இடத்தை இப்படியா பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

ஆற்றுக்கு அப்பால் தெரிந்தார் எங்கள் பிள்ளையார். காரைச் சுற்றி ஓட்டி அவர் அடிவாரத்துக்குப் போனோம். அங்கேதான் கூத்து தொடங்கியது. கிட்டப் போனால் தும்பிக்கையும் இல்லை, காதும் இல்லை, பாறைச் சுவர்தான் நிற்கிறது.

"அண்ணை, முகம் எங்கை?"

"மற்றப் பக்கமாயிருக்கும். வா."

மற்றப் பக்கம் போனோம். அங்கும் சுவர். அதற்கும் மற்றப் பக்கம் போனோம். மாமா இரண்டு தரம் பாதை மாறி, ஒரு முறை எங்களை யாரோ ஒருவருடைய மாட்டுத்தொழுவத்துக்கே கூட்டிப்போனார். குளிர்ப்பெட்டியைச் சுமந்துவந்த அப்பா அதைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"மச்சான், பிள்ளையாரே தாய் தேப்பனைத்தான் சுத்தினவர். நாங்கள் ஏன் பிள்ளையாரைச் சுத்துறம்?"

"மாமா, நீங்கள் முந்தி இஞ்ச வந்தனீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும்," என்றார் மாமா. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் அம்மாவே முடிவெடுத்தார். முகம் எங்கிருந்தால் என்ன, அடி அடிதானே. பாறை மடிப்பில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரம் வைத்து, தீக்குச்சியைக் கிழித்தார். அந்த வருடம் வெயில் காட்டையே வறுத்துவைத்திருந்தது, காலடியில் சருகு நொறுங்கியது. எங்களில் ஒருவருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூங்காக் காவலர்தான் வந்தார், பச்சைச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக, சத்தம் போட்டுக்கொண்டு. தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கற்பூரத்தின் தலையில் ஊற்றினார்.

காவலர் கேட்டது நெருப்பைப் பற்றி. ஆனால் மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. அவர் பொலித்தீன் உறையோடு கடவுச்சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

எனக்கு உயிர் போய் வந்தது. அம்மா சொன்னது நடக்கிறது! தேங்காய் அழுகிவிட்டது, நான் பொய் சொல்லிவிட்டேன், பிள்ளையார் இதோ ஆளனுப்பிவிட்டார். அழுகையோடு ஓடிப்போய் மாமாவுக்கும் காவலருக்கும் நடுவே நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த மலை எங்கள் சாமி, அவருக்கு யானைத் தலை, மாமாவுக்காக அம்மா தேங்காய் கொண்டுவந்தார், கனடாவிலிருந்து, நான்தான் அதைக் கவனமாகப் பார்க்கவில்லை, மாமாவின் புத்தகத்தை எடுக்க வேண்டாம்.

காவலர் என்னைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். பிறகு கடவுச்சீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மாமாவின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். நெருப்புக் கூடாது, பாறையில் அடிக்கவும் கூடாது, அது மணற்கல், உதிரும், தேங்காயென்றால் வண்டி நிறுத்துமிடத்துச் சீமெந்துக் கட்டையில் உடையுங்கள் என்றார். பல வருடத்து நேர்த்தி, காரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் நிறைவேறியது.

மாமா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சடார் என்ற சத்தம், அதைத் தொடர்ந்து அம்மாவின் கூச்சல்.

"அண்ணை, பூ! தேங்காய் பூ விட்டிருக்கு!"

கண்ணைத் திறந்தேன். சரி பாதியாகப் பிளந்த வெள்ளைத் தேங்காய். நடுவே மஞ்சள் படிந்த ஒரு பூ, என் மூடிய கையளவு. தண்ணீரையெல்லாம் அதுதான் குடித்திருந்தது. நூறு தேங்காய் உடைத்தால் ஒன்றில் பூ இருக்கும், இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது நடக்கும் என்பார்கள். அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பா முதல் வேலையாகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். காவலருக்கும் ஒரு துண்டுப் பூவும் இரண்டு வடையும் கொடுத்தோம். அவர் மூன்றாவது வடையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே, யானையை எங்கிருந்து பார்த்தாய் என்று அவர் மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமா அந்த விடுதி ஊரின் பெயரைச் சொன்னதும் காவலருக்கு ஆச்சரியம். அது பக்கத்து மாவட்டம்தானே, பஸ்ஸில் அரை மணித்தியாலம்தானே, ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட இங்கே வரவில்லையா என்று கேட்டாராம். மாமா ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று அம்மா கேட்டார்.

"நேரம் கிடைக்கேல்லை எண்டு சொன்னனான்."

ஒன்பது வருடமாக நேரம் கிடைக்காத மனிதரா! மாமாவின் ராசபட்டம் எனக்குள் அந்த இடத்திலேயே பறிபோனது. சொன்ன மலைக் கதையெல்லாம் தபாலட்டைகளைப் பார்த்துச் சொன்ன கதைதான் என்று விளங்கிவிட்டது. அகதி வழக்கு நடப்பவர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தின் எல்லையை அனுமதிக் கடிதம் இல்லாமல் தாண்டக்கூடாது என்று அந்நாட்டில் சட்டம் இருந்ததை நான் வளர்ந்து ஆளான பிறகு அம்மாதான் சொன்னார். மாமா ஒருமுறை கடிதம் கேட்டும் போயிருக்கிறார். என்ன காரணம் என்று கேட்டார்களாம். பிள்ளையாரைப் பார்க்க என்று அவரால் சொல்ல முடியவில்லையாம்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. திரும்பும் வழியில், மாமாவின் பழைய விடுதி ஊரைத் தாண்டியதும் அவர் காரை ஓரமாக நிறுத்தி எங்களை இறக்கினார். வயல்களுக்கு அப்பால், மாலை வெயிலில், பிள்ளையார் உண்மையாகவே படுத்திருந்தார். தும்பிக்கை இடப்பக்கம். அம்மா கைகூப்பினார். நான் மாமாவின் விரலைப் பிடித்து இழுத்தேன்.

"இவ்வளவு கிட்டத்தானே மாமா! நீங்கள் சரியான சோம்பேறி."

"ஓம் பிள்ளை," என்றார் மாமா, "சரியான சோம்பேறி." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்ட கையைப் பிரிக்காமல், அம்மா ஏன் மாமாவின் பக்கம் திரும்பி நின்றார் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு இன்னொரு மோதகம் வேண்டியிருந்தது.