வலி இல்லை, உளைச்சல்தான்

இன்று காலை டவுன் பஸ்ஸில் பேச்சியக்காவைப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை. நான் எழுதிய உப்பளச் செய்திகளில் பாதி, அவர் பேசிக் கொடுத்தவை.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் அண்ணாச்சி. போன தடவ, வலி இருக்கான்னு கேட்டாவ. இல்லன்னேன். அனுப்பிட்டாவ."

அவர் பக்கத்தில் சாயர்புரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். இரண்டாம் ஆண்டு. ஏழைகளின் வலி ஏன் டாக்டர் காதில் விழுவதில்லை என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். அதற்குக் கேள்வி கேட்கப் பயிற்சி எடுக்கிறாளாம்.

"வலி இல்லன்னா எதுக்குக்கா திரும்பப் போறீய?" என்று கேட்டாள் அவள்.

"வலி பிள்ள பெறும்போதுல்லா வரும். இது உளைச்சலு. ராத்திரி பூரா முட்டு உளையும். பொட்டுத் தூக்கம் கெடையாது."

"இத அப்படியே டாக்டர்ட்ட சொல்லுங்க. நானும் கூட வாரேன்."

இருபது வருடப் பழக்கத்தில் எனக்குக் கிடைக்காத வாக்கியம் அவளுக்கு ஒரே கேள்வியில் கிடைத்துவிட்டது. நானாக இருந்தால் அதையே முதல் வரியாக வைத்திருப்பேன். அவள் கையில் பேனாகூட இல்லை.

"எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையேக்கா?" என்றேன்.

"நீங்க கூலியப் பத்தித்தான கேப்பீய அண்ணாச்சி!"

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். அக்காவின் பை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. அக்கா பேசிக்கொண்டே போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

பொறாமையா என்று யாரும் கேட்க வேண்டாம். அதெல்லாம் இல்லை. லேசான உளைச்சல்தான்.

இதற்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.