உறங்கவிடாத சில்லு

பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியறையில் இருந்தபடியே ரீபா வேலை பார்த்தாள். மீன்பிடி வள்ளங்களுக்கு இருப்பிடம் காட்டும் பெட்டி செய்கிற சின்ன நிறுவனம். நடுக்கடலில் வள்ளம் எங்கே நிற்கிறது என்று அந்தப் பெட்டி கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஓடும் கெர்னல், அதாவது மற்ற மென்பொருளை எல்லாம் தாங்கி நிற்கும் அடிப்படை நிரல், அவள் பொறுப்பு. சர்ச்சில் யாராவது கேட்டால் அவள் அம்மா எலிசபெத், "எம்மவ கம்ப்யூட்டருக்கு உள்ள வேல பாக்குதா" என்பாள்.

ஒரு வருஷம், கடலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வள்ளங்கள் கரையின் திரையில் காணாமல் போயின. எல்லோரும் ஆண்டெனாவைக் குறை சொன்னார்கள். ரீபாதான் வாரக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். மின்சாரம் மிச்சம் பிடிக்க, பெட்டியின் ப்ராசஸர் சில்லு அவ்வப்போது உறங்கும். எப்போதாவது ஒருமுறை உறங்கினது எழும்புவதில்லை. பிழை சில்லின் வார்ப்பிலேயே இருந்தது. செய்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள், விற்றுப்போன சில்லுகளை இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

ஆகவே கெர்னல்தான் அந்தப் பிழையைச் சுற்றிப்போக வேண்டியிருந்தது. சில்லை ஆழ்ந்து உறங்கவிடாமல் தடுக்கும் சில வரிகளை ரீபா எழுதினாள். மேலாளர் ஹெப்ரான் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். அவரிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, முழிச்சே இருந்தா பேட்டரி சீக்கிரம் தீந்துரும். வள்ளக்காரங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்."

"சொல்லிருவோம்மா."

எல்லோருடைய போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி போனது, ஆங்கிலத்தில். அதன்பின் வள்ளங்கள் திரையிலிருந்து மறையவில்லை. அவளுடைய வரிகளை அவள் பெயரோடு உலகத்துக்கே பொதுவான கெர்னலிலும் சேர்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பாராட்டி எழுதினார்கள்.

ஆடிக்காற்றில் புன்னக்காயல் மீனவன் ரெக்சனும் அவன் தம்பி மார்ட்டினும் போன வள்ளம் இன்ஜின் நின்று இழுபட்டது. பெட்டி இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்து, பேட்டரி தீர்ந்து ஓய்ந்தது. கடைசியாகச் சொன்ன இடத்தில் ஆட்கள் தேடினார்கள். வள்ளம் அதற்குள் வெகுதூரம் கிழக்கே போயிருந்தது. வேறொரு வள்ளம் அதைக் கண்டபோது மார்ட்டின் மட்டும் இருந்தான். முந்தின சாயங்காலம் அண்ணனை அலை கொண்டுபோய்விட்டது.

"நம்ம பெட்டி மேல தப்பு இல்ல ரீபா" என்றார் ஹெப்ரான் போனில்.

ஏரலில் பஸ் மாறிப் புன்னக்காயல் போனாள். ரெக்சனின் மனைவி பெனிஷா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மார்ட்டின்; உதடெல்லாம் வெடித்து இன்னும் ஆறவில்லை. தான் யார், என்ன எழுதினாள், ஏன் எழுதினாள் என்று ரீபா சொல்லி முடிக்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன் செய்தி வந்துச்சு" என்றான் மார்ட்டின். "ஏதோ விளம்பரம்னு அண்ணன் அழிச்சிட்டான்."

பெனிஷா கேட்டாள்: "நீங்க அத எழுதாம இருந்தா பெட்டி அணையாம இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்க்கா. இல்ல, மொத நாளே ஒறங்கி எந்திரிக்காமப் போயிருக்கலாம். எனக்குத் தெரியல."

"பெட்டில பச்ச வெளக்கு எரியுது பாருன்னு காட்டிட்டுத்தான் அவிய போனாவ." பெனிஷா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பிய. ஆனா இனிமே இங்கன வராதிய. ஒங்களப் பாத்தா எனக்கு அந்த வெளக்குதான் தெரியும்."

ரீபா எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் அழ முடியவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா மடியில் தலை வைத்த பிறகுதான் முடிந்தது.

பேட்டரி குறையக் குறைய, இடம் சொல்வதை மெல்லக் குறைத்து அதிக நாள் தாங்குகிற மாதிரி நிரலை மாற்றினாள். முன்பே தோன்றியிருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடற்கரை ஊர்களுக்குத் தானே போய், வலை காயும் இடத்தில் நின்று தமிழில் சொன்னாள். புன்னக்காயலுக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பினாள்.

கெர்னலில் அவள் பெயர் ஏறியதற்காகச் சர்ச்சில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட எலிசபெத் ஆசைப்பட்டாள்.

"வேண்டாம்மா" என்றாள் ரீபா. "அந்த அக்காவுக்காக வேணா ஜெபம் பண்ணச் சொல்லு."

"எந்த அக்கா?"

"பெனிஷா."

எலிசபெத் கையிலிருந்த காணிக்கை உறையில் எழுதியிருந்த மகளின் பெயரை அடித்துவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினாள்.