கழுவினாலும் போகாத எண்ணெய்

பாதுகாப்பு அலுவலர் உத்தியோகம் என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம், ஒன்றும் நடக்காவிட்டால் "இவிய எதுக்கு?" என்பார்கள், நடந்துவிட்டால் "இவிய என்னத்தப் பார்த்தாவ?" என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர், பஸ் கண்டக்டர், பிள்ளை பெற்றவர்கள் என்று ஒரே பேச்சைத் தினமும் பேசித் தொண்டை வற்றிய அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். வாங்க, சேர்ந்து புலம்புவோம்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற ரோட்டில் எங்கள் ஓஸ் பைப் கம்பெனி, அங்கே நான்தான் சேப்டி ஆபீசர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சைக் குழாய் செய்கிறோம். பி.வி.சி. பவுடரை அப்படியே உருக்கினால் குழாய் விறகு மாதிரி விறைத்து நிற்கும். அதை வளைய வைக்க ஊற்றுகிற எண்ணெய்தான் டி.ஓ.பி. பார்க்கச் சுத்தமான தேங்காய் எண்ணெய் மாதிரி இருக்கும், வாடையும் பெரிதாகக் கிடையாது. தொட்டவன் கை வெந்து போவதில்லை, பக்கத்தில் நின்றவன் மயங்கி விழுவதில்லை. அதுதான் வம்பே! ஆசிட் என்றால் நான் வாயே திறக்க வேண்டாம், அவனவன் பத்தடி தள்ளி நிற்பான். இந்தப் பரம சாதுவைக் காட்டி "ஜாக்கிரதை" என்றால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நெஞ்சில் நட்சத்திரம்

மிக்சிங் பகுதியில் வேலை பார்ப்பவர் பெருமாள் அண்ணாச்சி. புதூர்ப் பக்கம். பவுடரையும் எண்ணெயையும் சேர்த்துச் சூடாக்குகிற பெரிய மிக்சர் அவர் பேச்சைத்தான் கேட்கும். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, ட்ரம்மில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தைக் காட்டினேன். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஓர் ஆள் படம். "இது உடனே கொல்லாது அண்ணாச்சி. மெல்ல மெல்ல உடம்புக்குள்ள சேர்ந்து கெடுதல் செய்யும். அதுலயும் வயித்துப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது" என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, காலி ட்ரம் ஒன்று வேண்டும் என்றார்.

எதற்கு என்கிறீர்களா? அவர் ஊரில் தண்ணீர் லாரி நினைத்த அன்றைக்கு வரும், நினைக்காத அன்றைக்கு வராது. வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. அவர் மகள் கனகா, கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப் போகிறாள். அவள் குடிக்கிறதுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கத்தான் ட்ரம்!  எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று இவ்வளவு நேரம் கத்தினேனோ, அந்தப் பிள்ளைக்கே இவர் ஏற்பாடு செய்கிறார். "பிளாஸ்டிக்குக்குள்ள ஊறுன எண்ணெய் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. காலி ட்ரம் அத்தனைக்கும் அடியில கடப்பாரையால ஓட்டை போட்டுத்தான் வெளிய அனுப்பணும். யாரும் தண்ணி புடிச்சிரக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டமே" என்றேன். அண்ணாச்சி படத்தை இன்னொரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நெஞ்சுல நட்சத்திரம் குத்தியிருக்கான்னா இவன் போலீஸ்காரனாத்தான் இருக்கணும். அதான் நீங்களும் இந்தக் கெடுபிடி பண்ணுதீய."

பித்தவெடிப்பு வைத்தியம்

பேக்கிங் பகுதி மாரியம்மாள் அக்காவுக்கு வெயில் காலத்தில் குதிகால் கரிசக்காடு மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு வாரமாக அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிக்சிங் பக்கம் போய்விட்டு வருகிறாளே என்று பின்னாலேயே போனேன். கொட்டாங்கச்சியில் டி.ஓ.பி.யை எடுத்து வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பொறுமையாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் காணாமல் போனார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. சோப்புப் போட்டுக் காலைக் கழுவ வைத்து, "வெடிப்பு வழியா உள்ள போகும்க்கா, தோலும் எரியும்" என்று சொன்னேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"ஏ தாயி, இரும்பு மாதிரி இருக்க பைப்பையே பஞ்சாக்குது, என் குதிகாலு என்ன அதவிடக் கெட்டியாவா கெடக்கு?"

ஊறிய கையுறை

டி.ஓ.பி. கையாள, எண்ணெய் இறங்காத நைட்ரைல் ரப்பர் கையுறை வேண்டும் என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வாங்கித் தந்தார். பிரித்துப் பார்த்தால் சாதாரண பி.வி.சி. கையுறை. "ஏன் சார், பி.வி.சி.யை இளக்குறதுக்குத்தான இந்த எண்ணெயே? அதுக்குப் போயி பி.வி.சி. கையுறையா?" என்று கேட்டேன். "எல்லாம் கையுறைதாம்மா, கலர்தான் வேற" என்றார்.

ஒரு வாரத்தில் அது ஊறின அப்பளம் மாதிரி தொளதொளவென்று தொங்கியது. விரல் எது, உள்ளங்கை எது என்று தேட வேண்டியிருந்தது. அதை அப்படியே அவர் மேஜையில் கொண்டு போய்ப் போட்டேன். இனியாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்! மனுஷன் அதை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"நம்ம சரக்கு எப்படி வேலை செய்யுது பார்த்தியளா!"

ஒரே கட்டி

தரையில் டி.ஓ.பி. சிந்தினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது பரவும், மனுஷன் வழுக்கி விழுவான், சாக்கடையும் கெட்டுப்போகும். மணலைப் போட்டு உறிஞ்ச வைத்து அள்ள வேண்டும். இதற்கென்றே சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். போகிறபோது வருகிறபோது அதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் பெருமாள் அண்ணாச்சி, மகள் வீட்டிலிருந்து வந்த போனைப் பேசிக்கொண்டே எண்ணெய்க் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். எண்ணெய் தரையெங்கும் ஓடிவிட்டது. "வாளியக் கவுத்துங்க!" என்று கத்தினேன். கவிழ்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. தட்டினார்கள். இட்லித் தட்டிலிருந்து இட்லி விழுகிற மாதிரி ஒரே கட்டி 'தொம்'மென்று விழுந்து, எண்ணெயை நாலா பக்கமும் தெறிக்க வைத்தது. விசாரித்தால், மணலை யாரோ வீட்டுப் பூச்சுவேலைக்கு அள்ளிப் போயிருக்கிறார்கள். வாளி காலியாகத் தொங்கினால் நான் சத்தம் போடுவேனே என்று வாட்ச்மேன் தாத்தா பக்கத்துப் புஞ்சையிலிருந்து கரிசல் மண்ணை ஈரத்தோடு அள்ளி நிரப்பி வைத்திருக்கிறார். அது காய்ந்து கல்லாகிவிட்டது. "இத எப்படித் தாத்தா தூவுறது?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தபடி, கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"ஐப்பசில மழை பெய்யட்டும் தாயி, தானா இளகிரும்."

புதூர்த் தண்ணீர்

கனகா தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை நானும் மாரியம்மாள் அக்காவும் பழம், பூ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அண்ணாச்சிக்கு எங்களைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. கனகா கை நிறைய வளையல் குலுங்க ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இப்பத்தான் லாரி வந்துச்சுக்கா. நாங்களே இன்னும் வாய் வைக்கல, உங்களுக்குத்தான் மொதத் தண்ணி" என்று சிரித்தாள்.

வாங்கும்போதே அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். வேப்ப மரத்து நிழலில், தலை அறுத்து, தட்டுப் போட்டு மூடி, எங்கள் கம்பெனி நீல ட்ரம் நிற்கிறது. அடியில் ரெண்டு ஓட்டை, ரெண்டையும் பிளாஸ்டிக்கை உருக்கி அழகாக அடைத்திருக்கிறார். அந்த ஊரில் விருந்தாளி தண்ணீரை மறுத்தால் அதைவிட அவமரியாதை கிடையாது. ஆனாலும் செம்பைக் கீழே வைத்தேன். "என்ன அண்ணாச்சி இது?" என்றேன். "நீங்க சொன்னபடி ஓட்டை போட்டாச்சுல்லா? அடைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே!" என்றார். சாம்பல், புளி, அரப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தாராம். அதோடு விட்டாரா? கண்மாயில் கிடந்த கடைசிக் குட்டையிலிருந்து ஒரு கெண்டையைப் பிடித்துவந்து அந்த ட்ரம்மில் விட்டுச் சோதித்தாராம். "மூணு நாளு நீந்துச்சு, சேப்டியம்மா! பிறகு என்ன?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கனகாவிடம் எல்லாவற்றையும் சொன்னவள் மாரியம்மாள் அக்காதான். நட்சத்திரப் படம், ஊறின எண்ணெய், வயிற்றுப் பிள்ளை என்று நான் மாதக்கணக்காகக் கத்தியதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். இவ்வளவும் காதில் ஏறித்தான் இருந்திருக்கிறது, பாவி மகளுக்கு! கனகா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்ப்பா, அந்த மீனு மாசமாவா இருந்துச்சு?"

வேலியோரம்

 அண்ணாச்சி ட்ரம்மை நகர்த்தி நகர்த்தி வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தார். ஒரு லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு முட்டி மோதுகிற இடத்தில், ஒரு ட்ரம் தண்ணீர் கரிசல் வெடிப்புக்குள் சரசரவென்று இறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம் செய்கிற மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன ஏது என்று ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் திட்டப் போகிறார்கள் என்று பயந்தேன்.  அவர்களோ வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு குடம் இடுப்பில் தூக்கிவந்து கனகா வீட்டு நடையில் இறக்கி வைத்தார்கள். மறுநாள் மாரியம்மாள் அக்கா தன் கல்யாணத்துச் சீர் எவர்சில்வர் அண்டாவைப் புதூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்கு நாங்கள் திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை அண்ணாச்சி கூடவே வந்தார்.  பஸ் வருகிற தூசி தெரிந்ததும் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நாளையிலருந்து ஓட்டை போடுத வேலைய என்கிட்டத் தாங்க, சேப்டியம்மா. எவன் எப்படி அடைப்பான்னு எனக்குத்தான் தெரியும்."

ஆக, சக பாவிகளே, நம் தொண்டை வற்ற வருஷம் முழுக்கக் கத்தினாலும் கேட்காத காது, பெற்ற மகள் மெதுவாகக் கேட்டால் உடனே கேட்டுவிடுகிறது.