வருஷாவருஷம் தற்காலிகம்

தென்காசியிலிருந்து ரயிலேறிப் போய், கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். வேலை தற்காலிகம். இரண்டு வருஷம் முடிந்ததும் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பிரின்சிபால் சாமி முடிவு செய்வார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த ஒரு வித்தைதான் எனக்குக் கைவரவில்லை.

ஐரோப்பாவில் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பாடம் வந்தது. பையன்கள் கொட்டாவி விட்டார்கள்.

"ஏலே, நம்ம கோயில்ல அர்ச்சனைச் சீட்டு வாங்குதோம்லா, அது மாதிரிதான். என்ன, இதுல தேங்காமூடி திரும்பி வராது" என்றேன்.

வகுப்பே சிரித்தது. ஒரு கிறிஸ்தவப் பையனின் அப்பா புகார் எழுதினார். ஒரு சைவப் பையனின் அப்பாவும் எழுதினார். இரண்டு மதத்தாரையும் ஒரே கட்சியில் சேர்த்த பெருமை எனக்கு உண்டு.

இரண்டாம் வருஷக் கோடை விடுமுறை முடியப்போகிறது, கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபாடில்லை. சாரல் தொடங்கியதும் குற்றாலம் போனேன். அருவிக்கரையில் கோவணத்தோடு உட்கார்ந்து, கூலிக்கு எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்திருந்தபோது, வெள்ளை அங்கியும் குடையுமாகப் பிரின்சிபால் சாமியே எதிரில் வந்து நின்றார். பிரான்சு தேசத்துக்காரர், தமிழைப் புத்தகத்தில் கற்றவர். பாறையில் வழுக்கியபடி பாதி எழுந்து கும்பிட்டேன்.

"அமரும். நீர் வகுப்பில் கூறியது பொய்யா?"

"இல்ல சாமி. பாடத்துல உள்ளதுதான். தேங்காமூடி மட்டும் என்னோடது."

"பாடத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் இனி குறிப்புகளை எழுதி முன்னதாக என்னிடம் காட்டும். சம்மதமாயின் இன்றே நிரந்தரம்."

எண்ணெய் தேய்ப்பவர் என் தோளை அழுத்தினார். "சரின்னு சொல்லுங்க அண்ணாச்சி. வேல என்ன, அருவித்தண்ணியா, சும்மா வந்து தலையில விழுததுக்கு?"

வீட்டில் மூன்று பிள்ளைகள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காட்டலாம் சாமி. ஆனா நீங்க பாத்து விட்டதத்தான் நான் பேசுதேன்னு பையங்களுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு உங்க சபையப் புகழ்ந்து சொன்னாக்கூட நம்ப மாட்டானுவளே."

சாமி குடையைச் சுழற்றிக்கொண்டு அருவியையே பார்த்தார்.

"இன்னும் ஓராண்டு தற்காலிகம்" என்றார் கடைசியில். "குறிப்புகள் வேண்டாம்."

அதற்கடுத்த வருஷமும் அதே தீர்ப்பு. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் நிரந்தரமானார்கள். திங்கட்கிழமைதோறும் அவர்கள் குறிப்பேடுகள் சாமியின் மேஜைக்குப் போயின. என்னுடையது ஒருநாளும் போனதில்லை. ஜூன் மாதம் பிறந்தால் மட்டும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்வேன்.