அடியில் இருந்த முகம்

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபோது கைப்பேசியில் செய்தி வந்தது. பவளராணி டீச்சர் காலமானார். எங்கள் பள்ளியின் சித்திர ஆசிரியை. ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த மேசை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மாலையில் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல். அவர் வரைந்த தாயின் படம் இணைக்கப்பட்டிருந்தது. ‘இப்படைப்பு எங்கள் இணையதளத்தில் என்றும் வாழும்.’ அனுப்பியவர்களுக்கு வெட்கமில்லை.

டீச்சரின் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இளவயதிலேயே இறந்துவிட்டார். ஒரு புகைப்படமும் கிடையாது. தொண்ணூறுகளில் டீச்சர் அவரை நினைவிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைந்தார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பலகையை இறக்கி, ஒரு நரையோ ஒரு சுருக்கமோ சேர்ப்பார்.

டீச்சர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பரா அக்கா ஒருமுறை என் எதிரிலேயே கேட்டார்: “ஏன்டி, செத்தவளுக்குப் போயி யாராச்சும் நரை வைப்பாங்களா?”

“எனக்கு வயசாகுதுல்லக்கா. இப்படியே விட்டா எங்கம்மாவ நான் தங்கச்சின்னுல்ல கூப்பிடணும்!”

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மலையகக் கலையைப் பாதுகாக்கிறோம் என்று கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. ஸ்கேன் செய்யப் பலகையைக் கொண்டுபோனது. திரும்பி வந்தது ஒரு சீடியும், பிளாஸ்டிக் உறையிட்ட பிரதியும்.

“பலகைய பூச்சி அரிச்சிருந்துச்சு டீச்சர், தூக்கிப் போட்டுட்டோம். ஃபைல் பத்திரமா இருக்கு. எத்தனை கொப்பி வேணும்னாலும் எடுக்கலாம்.”

பாதுகாப்பு!

டீச்சர் அந்தப் பிரதியில் தூரிகை வைத்துப் பார்த்தார். நிறம் ஒட்டவில்லை. வழிந்தது.

புதிதாக ஒன்று வரையலாமே என்றேன்.

“அடியில எங்கம்மாவோட சின்ன வயசு முகம் இருந்துச்சுங்க சேர். அது மேலதான் அவங்களுக்கு வயசாச்சு. இப்ப வரைஞ்சா அது யாரோ ஒரு கிழவி.”

அதன்பின் அவர் தாயை வரையவேயில்லை.

அடக்கத்தன்று அந்த நிறுவனத்தார் தாயின் படத்தின் ஆளுயரப் பிரதி ஒன்றோடு வந்து சவப்பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா வழிமறித்தார்.

“டீச்சர் வரைஞ்சதுதானேம்மா?” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“அவ வரைஞ்சத நீங்க வீசிட்டீங்க. இது உங்களுது. தூக்கிட்டுப் போங்க.”

யாரும் அக்காவைத் தடுக்கவில்லை. நானும்தான். இரண்டு பேர் அதைச் சுமந்து வேனுக்குத் திரும்பினார்கள்.

டீச்சர், அந்தப் படம் இல்லாமலே உங்களை மண்ணில் வைத்தோம். போய் வாருங்கள்.