பெரட்டுக்களத்தில் ஒட்டிய பொட்டு

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடியபோது, அதன் இரும்புக் கேட்டையும் பூட்டிவிட்டார்கள். லயன் வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்கு அந்த வளாகத்தின் வழியேதான் நடப்போம். இனிமேல் சதுப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். காலைப் பனியில் அங்கே காட்டெருமை நிற்கும். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பாதி நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, சேற்றுக் காலோடு திரும்பி வருவாள். வேறு ஊருக்குப் போகலாமென்றால், வீட்டைக் காலி செய்தவர்களுக்குத் திரும்ப வேலை கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். இருந்த வேலையோ வாரத்தில் இரண்டு நாள்.

அந்தச் சமயத்தில் நகரத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். பொது இடங்களை அங்கே வாழ்பவர்களைக் கேட்டே திருத்தி அமைப்பது அவர்கள் வேலையாம். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் திடலில், எஸ்டேட்டையே பெரிய தாளில் வரைந்து விரித்தார்கள். ஓடை, சதுப்பு, கோயில், கேட் எல்லாம் அதில் இருந்தன. ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, எந்த இடம் சரியாக வேண்டுமோ அங்கே ஒட்டச் சொன்னார்கள். கேட்டில் அதிகப் பொட்டு விழுந்தால், வழியைத் திறந்துவிடக் கேட்டுத் தாளோடு கலெக்டரிடமே போவோம் என்றார்கள்.

எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்தில் வேலை பார்த்தவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். தாளின் தலைமாட்டில் எங்கள் ரைட்டர் கைகட்டி நின்றார். வேலைக்கு யார் யார் என்று எழுதுகிறவர் அவர்தான். பொட்டோடு என் விரல் கேட் வரை போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். கம்பெனி பூட்டிய கேட்டை நான் யார் கேட்க? விரல் நகர்ந்து, யாரையும் உறுத்தாத இடமாகப் பார்த்து, பெரட்டுக்களத்தில் ஒட்டிவிட்டது.

கொழுந்து பறிக்கும்போது முதல் ஆள் இறங்கும் செடி நிரையை ஒட்டித்தான் மற்றவர்களும் இறங்குவோம். ஊறிப்போன பழக்கம். பின்னால் வந்த அத்தனை பேரும் என் பொட்டைச் சுற்றியே ஒட்டினார்கள். கடைசியாக ரைட்டரும் ஒட்டினார். வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு ஒற்றுமையை எங்கும் பார்த்ததில்லையாம். எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

மழைக்கு முன்பே பெரட்டுக்களத்தைத் திருத்தி முடித்தார்கள். கல் பெஞ்சு, சோலைக்காட்டுச் செடிகள், பெரட்டு மணியாக அடித்த தண்டவாளத் துண்டுக்குப் புது வர்ணம். ‘மக்களே தேர்ந்தெடுத்த இடம்’ என்று ஒரு பலகை. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வேலையில்லாத நாளெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். மகள் இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பஸ் பாஸை என் கையில் கொடுத்த அன்றும், நான் அங்கேதான் போய் உட்கார்ந்தேன்.

ரைட்டர் வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தார். மூட்டுவலிக்கார மனைவியை அவரும் சதுப்பு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு உன்ற வெரலு கேட்டுக்கிட்ட போச்சே அம்மிணி, பாத்தேன். நீ அங்க ஒட்டியிருந்தீன்னா நானும் அங்கதான் ஒட்டியிருப்பேன்.”

“ஒங்க மொகத்தப் பாத்துத்தாங்கய்யா வெரல எடுத்தேன்.”

கேட்டுப் பக்கம் பார்த்தாலே நாங்கள் யாராவது கம்பெனியில் போட்டுக் கொடுத்துவிடுவோமென்று அவர் பயந்து நின்றதாகச் சொன்னார்.

பஸ் பாஸைத் திருப்பிப் பார்த்தேன். வருஷக் கடைசி வரை செல்லும் என்று போட்டிருந்தது.