வரிசையில் நின்ற சிவப்புப் பை

டாக்காவின் அந்த நூலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஐந்தரைக்கே வாசலில் பைகள் வரிசையில் நின்றுவிடும். பைக்குச் சொந்தக்காரர்கள் தேநீர்க் கடையில் இருப்பார்கள். அடுத்தவர் பையை யாரும் தொடமாட்டார்கள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குள் அப்படி ஒரு நியாயம்.

தில்ஷாத்தின் சிவப்புப் பை எப்போதும் லுத்ஃபாவின் பைக்கு முன்னால் இருக்கும். அதுவே லுத்ஃபாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்று முறை தோற்றவள் அவள். இந்த முறையோடு வயது வரம்பு முடிகிறது. அவளோடு ஒரே அறையில் தங்கி, அவளை அக்கா என்ற பொருளில் ஆபு என்றழைத்த தில்ஷாத்தோ நேற்று வந்தவள். வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களைக்கூட மறப்பதில்லை.

"எப்படிடீ மண்டையில நிக்குது?"

"சொல்லை யார் ஆபு படிக்கிறா? ஒவ்வொண்ணையும் எங்க ஊர் ஆள் ஒருத்தர் தலையில கட்டிடுவேன். அப்புறம் எங்க போகும்?"

ஒரு நாள் தில்ஷாத் தேநீருக்குப் போனதும் லுத்ஃபா அந்தப் பையைத் திறந்தாள். நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்தாள். பார்சிமோனியஸ், கஞ்சம்: ஒரு பிஸ்கட்டை நாலாக உடைக்கும் ஜோரினா அத்தை. கேரலஸ், வாயாடி: நடு ஆற்றில் துடுப்பை வைத்துவிட்டுப் பேசும் படகுக்காரர். இருநூறு சொல், இருநூறு பேர். ஒரு மாதம் அதையே உருப்போட்டாள்.

தேர்வில் பார்சிமோனியஸ் வந்தது. லுத்ஃபாவின் தலைக்குள் ஊரே திரண்டு வந்தது. யார் எந்தச் சொல்லுக்கு என்பதுதான் வரவில்லை. தில்ஷாத் அந்தக் கால் பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவள். இவளுக்கு அத்தை வெறும் பெயர். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். ஆறு கேள்விகளை அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே தில்ஷாத் ஓடிவந்தாள். "எங்க அத்தை ஒருத்தங்க வந்து காப்பாத்திட்டாங்க ஆபு!"

"உனக்கென்னடீ? பிஸ்கட்டை நாலா உடைச்சுக் குடுக்க அத்தை இருக்காங்க. எனக்கு யார் இருக்கா?"

தில்ஷாத்தின் சிரிப்பு நின்றது. "பிஸ்கட் விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?"

லுத்ஃபா செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தாள்.

முடிவு வந்தபோது அவள் எண் பட்டியலில் இல்லை. தில்ஷாத்தின் எண் இருந்தது; அவளுக்கு அடுத்த கட்டமாக எழுத்துத் தேர்வு காத்திருந்தது. ஊர்ப் பேருந்தைப் பிடிக்க விடியலில் கிளம்பிய லுத்ஃபா நூலகத்தைக் கடந்தாள். வாசலில் பைகள் நின்றன. முன்னால் தில்ஷாத் மட்டும் சிவப்புப் பையை மடியில் அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதும் அவள்தான் முதல் ஆள். அதுவும் லுத்ஃபாவுக்குப் பொறுக்கவில்லை.